தடம் நிற்கும் நூல்

டாக்டரம்மா மேசைமேல் இரண்டு நூல்களை வைத்தார்.

ஒன்று வெள்ளை. ஒன்று கறுப்பு.

“கேமரா விட்டுத்தான் செய்யப் போறோம் ஐயா. பக்கவாட்டுல சின்னச் சின்னத் துளை. கிட்னியை வெளிய எடுக்கத் தொப்புள்கிட்ட மட்டும் ஒரு கீறல்.”

வெள்ளை நூல் தோலுக்கு அடியில் ஓடும். தானே கரைந்துவிடும். பிறகு கீறல் இருந்த இடத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

கறுப்பு, நைலான். மேலே குறுக்குத் தையல். பிரித்த பிறகும் ஏணிப்படி போலத் தடம் நிற்கும்.

“உள்ள போடுறது?” என்று கேட்டார் பெரியவர்.

“அதை நான் பாத்துக்கிறேன் ஐயா. வெளியதான் உங்க இஷ்டம். எல்லாரும் வெள்ளைதான் கேப்பாங்க.”

“வெள்ளையே போடுங்கம்மா.” தம்பி முந்திக்கொண்டார். அண்ணன் காதருகே குனிந்தார். “அம்மன் கோயில் கொடைக்குச் சட்டையக் கழத்தணும்லா அண்ணாச்சி. அவளுக்குக் குடுத்தது ஊருக்குத் தெரிஞ்சா நம்ம வீட்டுக்குப் பரிவட்டம் கட்டுவானுவளா?”

அவள்.

சாதி மாறிக் கட்டிக்கொண்டு போன மகள். மாடியில் டயாலிசிஸ் வார்டில் கிடந்தாள்.

அவள் பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை. வாசலை அடைத்தவர் அவர்தான். யாரும் கூப்பிடாமல் ஆஸ்பத்திரிக்கு வந்து, என்னுடையதை எடுங்கள் என்று நின்றவரும் அவர்தான்.

கறுப்பு நூலை டாக்டரம்மா பக்கம் நகர்த்தினார்.

“அண்ணாச்சி!”

“திருட்டுச் சாமானா குடுக்கேன், ஒளிச்சு வைக்கதுக்கு?”

•

அடுத்த கொடைக்குள் அவள் தேறி வீடு திரும்பியிருந்தாள்.

அவளுடைய வீட்டுக்கு.

அம்மன் சன்னதியில் முதல் மரியாதைக்கு அவரைக் கூப்பிட்டார்கள். அவர் சட்டையைக் கழற்றினார்.

தம்பி ஓடிவந்து ஒரு துண்டை நெஞ்சோடு வயிற்றையும் மூடிப் போர்த்தினார்.

அம்மன் முன்னால் துண்டு இடுப்பில்தான் இருக்க வேண்டும். அவருடைய பாட்டனும் அப்படித்தான் நின்றார். துண்டை உருவி இடுப்பில் கட்டினார். தடத்துக்குக் கீழே, இறுக்கி.

மேளம் ஓய்ந்தது.

“வயித்துல என்னவே அது?” என்றார் தருமகர்த்தா. தெரிந்துகொண்டே கேட்கும் குரல்.

“எம்மவ சங்கரவடிவுக்குக் கிட்னி குடுத்தேன். அதுக்குப் போட்ட தையல்.”

பந்தலுக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது.

பூசாரி கையில் பரிவட்டப் பட்டு. பூசாரி தருமகர்த்தாவைப் பார்த்தார். தருமகர்த்தா கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அந்த ஏணிப்படியைப் பார்த்தது.

பூசாரி குள்ளமான மனிதர். பட்டைத் தலையில் கட்டுவதற்காக ஒவ்வொரு கொடைக்கும் இவர்தான் குனிந்து கொடுப்பார்.

இன்று குனியவில்லை.

“கட்டும் வே,” என்றார் நிமிர்ந்து நின்றபடி.

பூசாரி மெல்லக் குதிகால்களை உயர்த்தினார்.