பத்தொன்பது பிழைகள்

"அவர் ஒரு தப்பு சொன்னாலும் போதும். இந்த கேசட் வெளியே போகாது. இப்பவே சொல்லிட்டேன், அஃப்சர்."

மதுவந்தி டேப் ரெக்கார்டரை நாலாவது முறையாகத் துடைத்தாள். அஃப்சருன்னிசா மணி பார்த்தாள். கோதண்டபாணி வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

மாதம் ஒரு கேசட். ஏதாவது ஒரு புத்தகத்தைப் பற்றி அரை மணி நேரப் பேச்சு, நடுநடுவே வாசிப்பு. 'புத்தகக் குரல்' என்று பெயர். மயிலாப்பூரில் மதுவந்தியின் மாடி அறையில், ஜன்னலுக்கு ஜமக்காளம் தொங்கவிட்டுப் பதிவு செய்து, இருநூறு பேருக்குத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எழுதுவது அஃப்சர். அடையாறில் ஒரு பள்ளியில் தமிழ் ஆசிரியை. குரல் மதுவந்தியுடையது.

தொண்ணூற்று மூன்றில் நங்கநல்லூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் கோதண்டபாணி, அச்சகத்தில் புரூஃப் பார்த்து ஓய்வு பெற்றவர். பத்தொன்பது உச்சரிப்புப் பிழைகளை எண் போட்டு எழுதிவிட்டு, 'இப்படிப் படிப்பதற்குப் படிக்காமலே இருக்கலாம்' என்று முடித்திருந்தார். அதற்குப் பிறகு மதுவந்தி மைக் முன்னால் உட்காரவே இல்லை.

மூன்று வருஷம் ஓடிவிட்டது. சந்தாதாரர்கள் விடவில்லை. அசோக் நகரில் கண்பார்வை போன சுந்தரராமன் என்பவர், அஃப்சரின் பள்ளிக்கே போன் போட்டு, "அடுத்த கேசட் எப்பம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஒருவழியாக மதுவந்தி இசைந்தாள். ஆனால் ஒரு நிபந்தனை. புது கேசட்டை முதலில் கோதண்டபாணி கேட்டுச் சரி என்று சொல்ல வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அஃப்சர் நங்கநல்லூர் போய் அவரை நேரில் அழைத்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

"படிச்சது நான். நீ ஏன் இப்படிப் பதறறே?" என்றாள் மதுவந்தி.

"ஒண்ணுமில்லை. வந்தவர்கிட்ட கேள்வி மேல கேள்வி கேட்டுத் துளைச்சிடாதே. வயசானவர். கேசட்டைப் போடு. அவரே சொல்லட்டும்."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மதுவந்தி எழுவதற்குள் அஃப்சர் படியிறங்கி ஓடிவிட்டாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தவருக்கு எழுபது வயதிருக்கும். சலவை மடிப்புக் கலையாத சட்டை.

"நீங்கதான் படிக்கிறவங்களா? போடுங்கம்மா, கேப்போம்," என்றார் சற்று உரக்கவே.

"சார் காபி சாப்பிடறேளா, இல்லே மோர்..."

"காபியே கொண்டு வா, மது," என்று அஃப்சர் குறுக்கே விழுந்தாள்.

மின்விசிறியை நிறுத்தினார்கள். கேசட் ஓடத் தொடங்கியது. கோதண்டபாணி டம்ளரைக் கையில் பிடித்தபடி, சுழலும் நாடாவை விட்டுப் பார்வையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். அஃப்சர் அவரை ஒட்டி நாற்காலி போட்டுக்கொண்டாள். அவள் கழுத்தில் வியர்வை வழிந்தது.

பாதியில் கேசட்டுக்குள் ஓர் ஆட்டோ ஹாரன் நீளமாக அலறியது.

"போச்சு. இதை எப்படி விட்டோம்?" என்று மதுவந்தி அஃப்சரின் காதருகே முணுமுணுத்தாள். பயந்துகொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள். ஒரு சுளிப்பு இல்லை.

அதுவே அவளை இன்னும் கலக்கியது. "சார், சத்தம் போறுமா? இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?"

அவர் திரும்பவில்லை. அஃப்சர் மதுவந்தியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அவர் கவனமா இருக்கிறப்ப நடுவுல பேசாதே, மது."

மதுவந்தி தன் இடத்தில் உட்கார்ந்தாள். மீதி நேரத்தை எப்படிக் கழித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

டக்கென்று பொத்தான் தெறித்து கேசட் நின்றது. அஃப்சர் முன்னால் சாய்ந்து, அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டாள். கோதண்டபாணி நிமிர்ந்தார். மதுவந்தி முந்தானையைக் கசக்கிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"ஒரு தப்பு இல்லை," என்றார் அவர். "அன்னிக்கு எழுதினவனே இன்னிக்கு நேர்ல சொல்றேன். தாராளமா அனுப்புங்க."

மதுவந்திக்குக் கண் நிறைந்துவிட்டது. "நிஜமாவா சார்? ழகரமெல்லாம்கூட..."

"ஆட்டோ காத்துக்கிட்டிருக்கு, மது. சார் கிளம்பட்டும்." அஃப்சர் அதற்குள் அவர் கையைப் பிடித்து எழுப்பியிருந்தாள்.

படியிறங்கும்போது மேலே டெலிபோனைச் சுழற்றும் சத்தம் கேட்டது. "சுந்தரராமன் சாரா? மயிலாப்பூர்லேர்ந்து மதுவந்தி பேசறேன். அடுத்த வாரம் கேசட் வந்துடும், சார்." மூன்று வருஷத்தில் அந்தக் குரல் இவ்வளவு தெளிவாக ஒலித்து அஃப்சர் கேட்டதில்லை.

ஆட்டோ அருகே வந்ததும் கோதண்டபாணி சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டையும் பென்சிலையும் எடுத்து அவளிடம் நீட்டினார்.

"போன வாரம் நீங்க இதுல எழுதிக் காட்டற வரைக்கும், என் கடுதாசியாலதான் நின்னு போச்சுன்னு எனக்குத் தெரியாதும்மா. சரி, இப்ப நிஜத்தை எழுதுங்க. எப்படிப் படிச்சாங்க? ரெண்டு வருஷமா பக்கத்துல இடி விழுந்தாலும் எனக்குக் கேக்கறதில்லையே."

அஃப்சர் மாடியை ஒரு தரம் பார்த்துவிட்டு எழுதினாள்: 'அருமையாகப் படித்தாள். இரண்டு இடத்தில் மட்டும் ழகரம் தப்பு.'

கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தவர், அவள் கையிலிருந்து பென்சிலை வாங்கி, இரண்டாவது வாக்கியத்தை அழுத்தமாக அடித்துவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.