ஏழாவது இடம்

'சிறந்த பத்து எழுத்தாளர்கள்' பட்டியல் வெளியான இதழைச் சுருட்டிப் பிடித்தபடி நாவலாசிரியர் பத்திரிகை அலுவலகத்துக்குள் நுழைந்தார். அவரைப் பார்த்ததும் ஆசிரியர் பேயறைந்தவர் போல எழுந்து நின்றார்.

"முப்பத்திரண்டு நாவல் எழுதினவனுக்கு ஏழாவது இடமா?"

"உக்காருங்க சார், முதல்ல தண்ணி குடிங்க."

"தண்ணி கிடக்கட்டும். வீட்டு வைத்தியம் எழுதினவர் எனக்கு மேல, ஆறாவது! இருமல் மருந்து எப்பய்யா இலக்கியமாச்சு?"

"கதை, கட்டுரை எல்லாத்தையும் சேர்த்துத்தான் சார் வரிசைப்படுத்தினோம். அவர் புத்தகம் வீட்டுக்கு வீடு இருக்கு."

"அப்போ என் புத்தகம்?"

"தப்பு நடந்துபோச்சு சார். அடுத்த இதழ்ல திருத்தம் போட்டுடறோம்."

"அப்படி வாங்க வழிக்கு! எத்தனாவது இடம் தருவீங்க?"

"இடமே இல்லைங்க. உங்க பேரையே எடுத்தாகணும்."

"என்னது?"

"நீங்க பேரை மட்டும்தான் பாத்திருக்கீங்க." ஆசிரியர் இதழைப் பிரித்து, பட்டியலுக்கு மேலே சிறிய எழுத்தில் இருந்த வரியைக் காட்டினார்.

'மறைந்த எழுத்தாளர்கள் மட்டுமே இப்பட்டியலில் இடம்பெறுகிறார்கள்.'

"பத்து வருஷமா உங்ககிட்டேருந்து ஒரு புத்தகமும் வரலையா, நாங்களா முடிவு பண்ணிட்டோம். மன்னிச்சிடுங்க சார். நீங்க உயிரோட நல்லா இருக்கீங்கன்னு அடுத்த இதழ்லயே போட்டுடறோம்."

நாவலாசிரியர் அந்த ஏழாம் எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"நான் இங்க வந்தது வேற யாருக்காவது தெரியுமா?"