பச்சைப் பாக்கெட்

தைப்பேயின் மாலை வெயில் மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. போயென் சற்றுமுன் கம்ப்யூட்டருக்குள் மாட்டிய, சூட்டைத் தணிக்கும் புது கூலர் பேய்க்கூச்சல் போடுகிறது. திரையில் சூடு தொண்ணூறு டிகிரியைத் தாண்டுகிறது. மெஷின் சொன்ன பேச்சு கேட்க ஊரே வைக்கும் பச்சைச் சோளப்பொரி பாக்கெட் கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் இருக்கிறது. தேதி முடிந்தாலோ பிரித்துத் தின்றாலோ அது பலிக்காதாம். அதை எடுத்துக் காலாவதித் தேதியைப் பார்க்கிறான். “இன்னும் தேதி முடியலையே! நீ பிரிச்சுத் தின்னியா?” “ஆமா, அதான் எனக்கு வேலை! குறிப்பைப் படிச்சுட்டு மாட்டுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். ராத்திரிக்குள்ள நான் வீடியோ அனுப்பணும், கழட்டிப் பாருடா,” என்கிறாள் மனைவி சிங்யா. மெஷினை அணைத்துக் கழற்றுகிறான். கூலரின் அடியில் பசை அப்பிய கண்ணாடித்தாள் உரிக்கப்படாமல் அப்படியே ஒட்டியிருக்கிறது. ‘மாட்டும் முன் உரிக்கவும்’ என்று அதிலுள்ள சிவப்பு எழுத்து பல்லிளிக்கிறது.  சிங்யா பாக்கெட்டை எடுத்து, தூசி தட்டி, அவன் தலைமேல் வைக்கிறாள்.