அமீரின் உத்தரவு

வெளியூர்க் கல்யாணத்துக்குக் கிளம்பிய வாப்பா, உம்மா, ஐந்து வயது மகள் மூவரும் காரில் ஏறினார்கள். கதவைச் சாத்தும் முன்பே உம்மா சொல்லிவிட்டாள்.

"மூணு பேர் பயணம் போனா ஒருத்தரை அமீரா வச்சுக்கிட்டு, அவர் சொல்படி நடக்கணும். அதான் சுன்னத், நபி காட்டின வழி. போன தடவை மாதிரி யாராவது அடம் பிடிச்சீங்க, தெரியும் சேதி!"

பயணத்து துஆ ஓதி முடித்ததும் அமீரின் முதல் உத்தரவு வந்தது.

"எல்லாரும் பெல்ட் போடணும்."

போட்டார்கள்.

கொஞ்ச தூரத்தில் பிஸ்கட் பாக்கெட் காலியானது.

"காகிதத்தை வெளிய வீசக் கூடாது. பாதையில குப்பை போட்டா அல்லாஹ்வுக்குப் பிடிக்காது."

ஜன்னல் பக்கம் போன கை உள்ளே வந்தது.

போன் சிணுங்கியது.

"தொடக் கூடாது. உம்மாகிட்ட குடுத்திடணும்."

"ஒரே ஒரு தடவை பாத்துட்டு..."

"அமீர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது" என்று உம்மா கையை நீட்டினாள். போன் கைமாறியது.

அடுத்த முக்கில் சிவப்பு விளக்கு. ரோட்டில் ஈ காக்கை இல்லை.

"யாருமே இல்லையே, போயிடலாமே?"

"அல்லாஹ் பாத்துக்கிட்டிருக்கான். நிக்கணும்."

வாப்பா பிரேக்கை மிதித்தார். பெல்ட்டைக் கண்டாலே அலறும் மகளுக்குப் பொறுப்பு வரட்டும் என்று யோசனை சொன்னதே அவர்தான். தன்னையே நொந்துகொண்டு பின்னால் திரும்பினார்.

"கண்ணு, திரும்பி வரும்போதாவது வாப்பா அமீரா இருக்கட்டுமா?"

குழந்தை இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த அமீர் யோசித்தாள்.

"ஒழுங்கா வந்தா பாக்கலாம். இப்ப முன்னாடி பாத்து ஓட்டுங்க, பச்சை விழுந்திருச்சு!"