வெளிநடப்பில் முதல் ஆள்

ஐந்தாவது முறையாக ஜெயித்த எம்.எல்.ஏ.விடம் கட்சித் தலைவர் காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்: "இன்னிக்கு சபையில சொதப்பினா அடுத்த தேர்தல்ல உனக்கு சீட்டு கிடையாது."

பதினோரு மணிக்கு எம்.எல்.ஏ. வியர்க்க விறுவிறுக்க சட்டசபை கேன்டீனுக்குள் நுழைந்தார்.

"அண்ணே, சூடா ஒரு டீ! இன்னிக்கு வெளிநடப்புல நான்தான் முதல் ஆள்!"

"அதுக்குள்ளயா?" என்றார் கேன்டீன்காரர்.

"எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்குண்ணே. முதல்ல மேஜையைத் தட்டணும். அப்புறம் மசோதாவைக் கிழிச்சுப் பறக்கவிடணும். சபாநாயகர் மூணு தடவை 'உட்காருங்க'ன்னு சொன்னதும் கிளம்பிடணும். நாலாவது தடவைன்னா காவலர் வந்து தூக்கிடுவாங்க. அதுல ஒரு கெத்து இல்லை."

"மசோதா அவ்வளவு மோசமாய்யா?"

"யாரு படிச்சா? சபையில சத்தம் கேட்டுச்சு, கால் தானா எழுந்துடுச்சு. இருபது வருஷப் பழக்கம்!"

சுவரில் இருந்த டி.வி.யில் சபாநாயகர் கத்திக்கொண்டிருந்தார்: "மசோதாவைத் தாக்கல் செய்ய வேண்டிய அமைச்சர் எங்கே?"

எம்.எல்.ஏ. விழுந்து விழுந்து சிரித்தார். "எந்த மடையன் அது? எங்க போய்த் தொலைஞ்சான்?"

கேன்டீன்காரர் டீயை மெதுவாக அவர் முன்னால் வைத்தார்.

"ஐயா, போன மாசம் உங்க கட்சி ஆட்சிக்கு வந்துடுச்சு. அந்த அமைச்சர் நீங்கதான்."