வால் உடைந்த எழுத்து

பாறசாலையில் ராபின்சனின் பேலன்சிங் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. சுழலும் பாகத்தின் எடைப் பிசகைச் சரிசெய்து எந்திரத்தில் பூச்சியம் காட்டியவர், தன் பெயரின் முதல் எழுத்தையும் தேதியையும் அதில் இரும்பு அச்சால் பஞ்ச் அடிக்க வேண்டும். ஜிஜாவுக்கு ஆங்கில ஜே. ஆறு வருடமாக அடிக்கிறாள். சனிக்கிழமை குவைத்துக்குப் போகிறாள்.

வியாழனன்று பூவார் ஐஸ் பிளாண்டிலிருந்து அபின் ஒரு புது விசிறிச் சக்கரம் கொண்டுவந்தான். பெட்டியை ஜிஜாதான் பிரித்தாள். சுற்றவிட்டதும் பூச்சியம் காட்டியது. புதியது எதுவும் அப்படி நிற்பதில்லை.

நிறுத்திப் பார்த்தாள். நடுவில் ஒரு ஜே இருந்தது, வால் உடைந்த ஜே. பக்கத்தில் மூன்று வருடம் கழித்து வரும் ஒரு தேதி.

"இது முன்ன இஞ்ச வந்ததா?"

"இல்ல சேச்சி, நேத்து லாரியில வந்த புதுசாக்கும்."

தன் ஜே பஞ்ச் அச்சை எடுத்து ஒத்துப்பார்த்தாள். அதில் வால் முழுதாக இருந்தது. மூச்சு விட்டாள்.

"மக்கா, சனிக்கிழமை போறது ஒறப்புதானே? நான் வேற ஆள் பாக்கணும்லா," என்றார் ராபின்சன் உள்ளிருந்து.

"ஒறப்பாக்கும் அண்ணே," என்று அவள் திரும்பியபோது, பஞ்ச் கைநழுவிச் சிமெண்ட் தரையில் விழுந்தது.

குனிந்து எடுத்தாள். வால் உடைந்திருந்தது.