வெள்ளிமலைக்கு ஒரு பயணம்

ஸ்டெதஸ்கோப்பின் வட்டை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கிவிட்டுத்தான் கிழவரின் முதுகில் வைத்தாள் டொக்டர் நிசாந்தினி. "குளிருதோ ஐயா? மூச்சை நல்லா இழுத்து விடுங்கோ."

"இல்லைப் பிள்ளை. சொந்த மகள் மாதிரிப் பாக்கிறியள்" என்றார் கதிர்காமநாதன்.

அவள் சிரித்தாள். சான்ட்ரிங்ஹாமில் அவளுடைய கிளினிக்குக்கு வரும் ஆட்களிடம் அவளுடைய சிரிப்புக்கு நல்ல பெயர் உண்டு.

சற்று முன்புவரை அவர் யாரோ ஒரு புது நோயாளி. வெளிநாடு போவதற்கு உடம்பு தாங்குமா என்று பார்த்துக் கடிதம் தரும்படி கேட்டு வந்தவர். எந்த நாடு என்று விசாரித்ததற்கு, "பொலிவியா. அங்கை மலைக்கு மேல போட்டோசி எண்டு ஒரு பழைய நகரம் இருக்கு. ஒரு மலை முழுக்க வெள்ளி. ஸ்பெயின்காரர் தோண்டித் தோண்டிக் கட்டின ஊர்" என்றார்.

தட்டச்சு செய்துகொண்டிருந்த அவளுடைய விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

அந்த ஊரின் பெயரை அவள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவளுடைய அண்ணன் திலக்சன் செத்த ஊர் அது. கனடாவுக்குச் சேர்ப்பிக்கிறேன் என்று ஓர் ஏஜென்சிக்காரன் அவனையும் இன்னும் சிலரையும் தென்னமெரிக்கா வழியாகக் கொண்டுபோனான். பிறகு ஒருநாள் போன் எடுத்து, "காய்ச்சல். கடவுள் கூப்பிட்டிட்டார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

கூடப் போய் ரொறன்ரோவில் கரையேறிய ஒருவன்தான், பல வருஷம் கழித்து அம்மாவிடம் உண்மையைச் சொன்னான். "மலைக்காத்து ஒத்துக்கொள்ளேல்லை அம்மா. மூச்செடுக்கேலாமல் கிடந்தவனை லொட்ஜ் அறையுக்கை வைச்சுப் பூட்டிப்போட்டு, எங்களை பஸ்ஸில ஏத்தினவன்."

நிசாந்தினி தலையை நிமிர்த்தி வந்தவரைப் பார்த்தாள். தலைமயிர் கொட்டியிருந்தது, கன்னம் வற்றியிருந்தது. ஆனாலும் அந்த ஏஜென்சிக்காரனின் அதே முகம். ஊரில் அவர்களுடைய கோண்டாவில் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து, அம்மா பொரித்துப் போட்ட மீனைத் தின்றபடி, "ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ, பொறுப்பு என்னோடை" என்று சொன்ன முகம். அப்போது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை.

அவனை என்றைக்காவது கண்டால் என்ன செய்வது என்று எத்தனையோ விதமாக யோசித்து வைத்திருந்தாள். சட்டையைக் கழற்றிப்போட்டு, தன் கைக்குக் கீழே வந்து உட்காருவான் என்று மட்டும் நினைத்ததில்லை.

இப்போது அவனுடைய முதுகின் அடியில் கரகரவென்று நீர்ச் சத்தம் கேட்டது. இதயம் நொண்டி நொண்டி அடித்தது. குனிந்து கணுக்காலை விரலால் அமுக்கினாள். குழி விழுந்து, நிரம்பாமல் அப்படியே கிடந்தது.

பிளாக்ஹவுஸ் பே பகுதியில் தன் வீட்டுக்கு முன்னால் இருக்கும் மேட்டை ஏறினாலே திணறுகிற உடம்பு இது. காற்று மெலிந்த அந்த மலையில் முதல் இரவைத் தாண்டாது.

போகாதையுங்கோ. அவள் சொல்லவேண்டியது அந்த ஒரு வார்த்தைதான். தொண்டை வரை வந்தது. அண்ணன் அந்த அறைக் கதவை எவ்வளவு நேரம் தட்டியிருப்பான் என்று நினைத்தாள். வார்த்தையை விழுங்கிவிட்டாள்.

"இதயம் எப்பிடி இருக்கு டொக்டர்?"

"கல்லு மாதிரி இருக்கு."

"அப்ப போகலாமோ?"

"தாராளமாய்ப் போங்கோ ஐயா." கணினியில், பயணத்துக்குத் தடை ஒன்றுமில்லை என்று பதிந்தாள். கடிதத்தை அச்சிட்டுக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

"போனவுடனை ரெண்டு மூண்டு நாள் படுத்து ஆறவேணும் எண்டு சொல்லுறவை..."

"அதெல்லாம் சும்மா கதை. போன அண்டைக்கே ஏறி இறங்கிப் பாருங்கோ. அந்தக் காலத்து நாணயசாலை, தேவாலயங்கள், ஒண்டையும் விடாதையுங்கோ."

"சுரங்கத்துக்குள்ளையும் போகலாமோ?"

"கட்டாயம் போகவேணும். அவ்வளவு தூரம் போட்டு அதைப் பாக்காமல் வாறதே?"

அவன் தலையாட்டிக்கொண்டே சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினான். ஒவ்வொரு பொத்தானுக்கும் மூச்சு வாங்கினான். அவள் உதவிக்குப் போகவில்லை. நாற்காலியில் சாய்ந்து, ஆசை தீரப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப திரும்பி வாறியள்?"

"வாறதுக்கு டிக்கெட் இன்னும் போடேல்லை."

"வந்தாப்போல ஒருக்கா வந்து காட்டுங்கோ, என்ன?" அந்தப் பொய் நாக்கில் தித்தித்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி அமர்ந்ததுபோல் இருந்தது. போ. என் அண்ணன் கிடந்த ஊரிலேயே போய்க் கிட.

அவன் கதவைத் திறந்தான். வெளியே போகாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு திரும்பி அவளைப் பார்த்துக் கைகூப்பினான். கண் கலங்கியிருந்தது.

"மற்ற டொக்டர்மார் ஒருத்தரும் அங்கை போக விடேல்லை. திலக்சன்ர தங்கச்சி விடுவா எண்டு தெரிஞ்சுதான் பிள்ளை, உங்களைத் தேடி வந்தனான்."